தண்ணீர் ஊற்ற வந்தவள்

எங்கள் கம்பெனியின் சர்வர் செத்துப்போன அன்று காலை எனக்கு வந்த முதல் போன் ஒரு வக்கீலுடையது. அவருடைய வாத்துகளைக் காணவில்லையாம். கோர்ட்டுக்கு இழுப்பேன் என்று ஆரம்பித்தார். நான் உம் கொட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் தழுதழுத்து, ஒவ்வொரு வாத்துக்கும் பெயர் வைத்திருந்ததாகச் சொன்னார். அத்தனை பெயரையும் வரிசையாகச் சொல்லவும் செய்தார். கேட்டுக்கொண்டேன். கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நாங்கள் நடத்துவது செல்போனில் ஆடும் ஒரு விளையாட்டு. ஆளுக்கு ஒரு தோட்டம் உண்டு. மரம் நடலாம், வீடு கட்டலாம், வாத்து வளர்க்கலாம். நண்பராகச் சேர்த்துக்கொண்டவர்களின் பொம்மை உருவம் உங்கள் தோட்டத்துக்கு வந்து, மரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகும். வாசலில் ஒரு பலகை இருக்கும், அதில் எதையாவது எழுதி வைக்கலாம். அவ்வளவுதான். யாரும் யாரையும் சுடுவது கிடையாது, ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. வேலைக்குச் சேர்ந்தபோது இதையெல்லாம் எந்தப் பைத்தியம் ஆடும் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, ஊரில் பாதிப் பேர் ஆடுகிறார்கள், அதில் பாதிப் பேர் வீட்டில் தனியாக இருப்பவர்கள்.

அத்தனை தோட்டங்களும் ஒரே சர்வரில் இருந்தன. அது படுத்துவிட்டது. படுத்தால் என்ன, தினமும் நகல் எடுத்து வைக்கிறோமே என்று எல்லோரும் தெம்பாகத்தான் இருந்தோம். நகலைத் திறந்து பார்த்தால் உள்ளே காற்றுதான் இருந்தது. நகல் எடுக்கும் புரோகிராம், வேலையை ஆரம்பித்த உடனேயே 'வெற்றிகரமாக முடிந்தது' என்று மெயில் அனுப்பிவிட்டு, அதன் பிறகு ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கிறது. பல மாதமாக. அந்த மெயிலைத் தினமும் காலையில் பார்த்துத் திருப்திப்பட்டவர் எங்கள் டேட்டாபேஸ் பொறியாளர். தாடியும் மௌனமுமாக இருப்பார், நாங்கள் சாமியார் என்று கூப்பிடுவோம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. திட்டலாம் என்று போனவள் திரும்பி வந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இந்த வேலைக்கு அது ஆகாது என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாளில்லை. போனில் யார் என்ன திட்டினாலும் பொறுத்துக்கொள்வேன். மேலாளர் எழுதித் தரும் பதில்களைப் படிக்கும்போதுதான் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை எல்லோருக்கும் விளையாட்டுக்குள் கொஞ்சம் ரத்தினக்கல்லும் ஒரு தங்கத் தொப்பியும் இலவசம் என்று அறிவித்தார். தோட்டத்தைப் படம் பிடித்து வைத்திருந்தவர்கள் அந்தப் படத்தை அனுப்பினால், அதில் தெரியும் வீட்டையும் மரத்தையும் திரும்பப் போட்டுத் தருவோம். நண்பர்கள் யார் யார் என்பதும் அழிந்துவிட்டதால், ஒருவர் பெயர் சொன்னால் போதும், விசாரிக்காமல் இரண்டு பேரையும் சேர்த்துவிடுவோம். பலகையில் எழுதியது போனது போனதுதான். கூப்பிட்டவர்களிடம் இதையே கிளிப்பிள்ளையாகச் சொன்னேன். வக்கீலிடம் வாத்துகளின் படம் இல்லை.

லிஃப்ட்காரர் மறுநாள் கூப்பிட்டார். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். உச்சி மாடியில் மோட்டார் அறைக்குள்ளிருந்து பேசினார், பின்னணியில் கடகடவென்று ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. ரத்தினக்கல்லும் வேண்டாம், தொப்பியும் வேண்டாம் என்றார்.

"என் பொண்ணு தினம் வந்துட்டுப் போவாம்மா. அந்த வழியை மட்டும் திறந்து விட்டுடுங்க. மத்ததெல்லாம் போனா போகட்டும்."

நான் கேட்காமலே மீதியைச் சொன்னார். முன்பின் தெரியாதவர்களிடம் மனிதர்கள் எவ்வளவு சொல்கிறார்கள் என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். மகளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, பஸ் நிறுத்தத்தில், கூடப் படிக்கிற பிள்ளைகள் பார்க்க, அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். வீட்டுக்கு நேரம் கழித்து வந்ததற்காக அல்ல, எதிர்த்துப் பேசியதற்காக. அந்த வாரமே மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு முன்பே அவர்களுக்குள் ஆயிரம் இருந்தது, இது ஒரு சாக்கு என்றும் சொன்னார், சாக்கு இல்லை என்றும் அவரே சொன்னார். வேறு ஊர், வேறு நம்பர். மச்சானைக் கூப்பிட்டால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்.

இந்த விளையாட்டை அவர் போனில் போட்டுக் கொடுத்ததே மகள்தான், சின்ன வயதில். தன் பொம்மைக்கு 'வாலு' என்று பெயர் வைத்தாள், வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடையதற்கு 'வாலு அப்பா'. அவள் போன பிறகு ஒருநாள், செய்ய ஒன்றுமில்லாமல் அதைத் திறந்திருக்கிறார். மரத்தடி ஈரமாக இருந்தது. வாலு வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். மறுநாளும் வந்தாள். அன்றிலிருந்து ஒருநாள் தவறவில்லை. பலகையில் ஒரு வார்த்தை எழுதமாட்டாள். வருவாள், ஊற்றுவாள், போய்விடுவாள்.

"அவ அப்படித்தாம்மா. கோவம் வந்தா பேச மாட்டா. ஆனா வராம இருக்க மாட்டா" என்றார்.

அவர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். இன்றைக்கு எந்தக் கட்டடம், எந்த லிஃப்டில் எவன் மாட்டிக்கொண்டு கூச்சல் போட்டான், தனக்கு ரசம் வைக்க வந்துவிட்டது, இப்படி. ஒருமுறை அன்றைக்கு அறைந்ததற்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். எழுதவே ஒரு வாரம் பிடித்ததாம். பெற்ற மகளிடம் எப்படி எழுதுவது என்று தெரியாமல் எழுதி எழுதி அழித்திருக்கிறார். போட்ட பிறகு தூக்கம் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார். காலையில் பார்த்தால் வழக்கம்போல வந்து ஊற்றியிருந்தாள். மோட்டார் அறையில் உட்கார்ந்து அழுதேன் என்றார். மன்னித்துவிட்டாள் என்று அவருக்கு அப்போதுதான் நிச்சயமாயிற்று.

வாலுவின் பெயரை நான் குறித்துக்கொண்டேன். அவர் போனை வைத்ததும் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினேன். இந்த ஒன்றையாவது உருப்படியாகச் செய்துகொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. சாமியாரின் மேஜைக்குப் போனேன்.

தோட்டங்கள் அழிந்தாலும், யார் எப்போது விளையாட்டைத் திறந்தார்கள் என்ற கணக்கு வேறொரு சர்வரில் பத்திரமாக இருந்தது. வாலு அங்கே இருந்தால், அவளுடைய தோட்டத்தைப் புதிதாகப் போட்டு அப்பாவின் தோட்டத்தோடு இணைப்பது பெரிய காரியமில்லை. சாமியார் தேடினார். திரையைப் பார்த்தபடி தாடியைச் சொறிந்தார்.

"இந்தப் பொண்ணு உள்ளயே வரலையே. ரெண்டு வருஷத்துக்கும் மேல ஆச்சு."

தினமும் வந்து தண்ணீர் ஊற்றுகிறாளே என்றேன்.

"அது நாம அனுப்பறது" என்றார்.

அவர் ஒரு நாளில் பேசுவதைவிட அதிகமாக அப்போது பேசினார். யாராவது விளையாட்டை விட்டுப் போய்விட்டால் அவர்களுடைய நண்பர்களின் தோட்டம் வெறிச்சோடிவிடுகிறது. தேடி வர ஆளில்லை என்று தெரிந்தால் அவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். அதனால் ஒருவர் இரண்டு வாரம் விளையாட்டைத் திறக்கவில்லை என்றால், அவருடைய பொம்மை தானாகவே நண்பர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வரும்படி மேலாளர் செய்யச் சொன்னார். ஆபீசில் அதற்கு 'அன்பு வருகை' என்று பெயர். வாடிக்கையாளர்களிடம் உளறிவிடுவோம் என்று எங்கள் பிரிவுக்கு மட்டும் சொல்லவில்லை.

அந்த மன்னிப்பைப் படித்தவர் யாருமில்லை. மறுநாள் காலை போய்த் தண்ணீர் ஊற்றியது இந்த மேஜைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம். அந்த மன்னிப்பும் இப்போது இல்லை, சர்வரோடு போய்விட்டது.

மேலாளரின் அறைக்குள் கதவைத் தட்டாமலே போனேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார், வருத்தப்படவும் செய்தார். நண்பர்களைச் சேர்த்து முடித்ததும் அன்பு வருகை எல்லோருக்கும் மறுபடி ஓட ஆரம்பிக்கும், உங்கள் லிஃப்ட்காரருக்கும் மகள் திரும்ப வந்துவிடுவாள், பிறகென்ன என்றார். சந்தோஷமாக இருக்கிற மனிதனை நாம் எதற்குக் கெடுக்க வேண்டும் என்று கேட்டார். சரியான பதில் கிடைக்காத ஆத்திரத்தில் அவருடைய தங்கத் தொப்பியை அவரே மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்பு வருகையிலிருந்து வாலுவின் பெயரையாவது விட்டுவிடும்படி சாமியாரிடம் கெஞ்சினேன். மொத்தமாகத்தான் ஓட்ட முடியும், ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்.

விதிப்படி செய்யக்கூடாத ஒன்றையும் செய்தேன். வாலு பதிவு செய்திருந்த நம்பரைக் கூப்பிட்டேன். ஒரு பெயின்ட் கடைக்காரர் எடுத்தார். நம்பர் அவருக்கு வந்து வெகுநாள் ஆகிறதாம், முன்பு யாரிடம் இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும். மெயில் அனுப்பினேன், அப்படியொரு முகவரி இல்லை என்று திரும்பி வந்தது.

சாயங்காலம் வீட்டில் என் வீட்டுக்காரர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரை வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்.

"நீ சொல்லி அவருக்கு என்ன கிடைக்கப் போகுது?"

"உண்மை."

"அதை வெச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்?"

கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சொல்ல வேண்டாம் என்றே முடிவு செய்தேன். அடுத்தடுத்த நாட்களில் லிஃப்ட்காரர் கூப்பிட்டபோதெல்லாம், வேலை நடக்கிறது சார், பார்த்துக்கொண்டிருக்கிறோம் சார் என்று பூசி மெழுகினேன். அவர் ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லித்தான் வைத்தார்.

அடுத்த வாரம் அவரே ஆபீசுக்கு வந்துவிட்டார். வரவேற்பறையில் எங்கள் விளையாட்டின் வாத்து, அட்டையில் வெட்டி ஆள் உயரத்துக்கு நிற்கும். அதன் பக்கத்தில் நீலச் சட்டையும் கருவிப் பையுமாக, ஒரு பிஸ்கட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லி. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது, சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

"வந்துட்டாம்மா" என்றார்.

போனைத் திறந்து காட்டினார். வெறும் புல்தரை, நடுவில் ஒரே ஒரு கன்று. பழைய மரம் இருந்த அதே இடத்தில் நட்டிருந்தார். அதன் அடி ஈரமாக இருந்தது. சேர்ப்பு வேலை முந்தின நாள் முடிந்திருந்தது, வாலு காலையிலேயே வந்து ஊற்றிவிட்டுப் போயிருந்தாள். டப்பாவை என் கையில் திணித்தார். உங்களால்தான் என்றார். எனக்கு அதை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அப்படியே விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். கிளம்பும் முன் புதுப் பலகையில் எழுதியிருந்ததையும் அவர் காட்டினார். இதயத்தில் ஒரு வால்வு பழுதாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு, எத்தனை மணிக்கு வரவேண்டும், எந்த வாசல் வழியாக வந்தால் சுலபம் என்பது வரை எழுதியிருந்தார்.

"சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும்னாங்க. பொண்ணு வருவான்னு சொல்லிட்டேன். இதைப் படிச்சுட்டுத்தானே தண்ணி ஊத்திட்டுப் போயிருக்கா."

அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். நானும் எதிரில் உட்கார்ந்தேன். சொன்னேன். சாமியார் எனக்குச் சொன்ன மாதிரியே, சுற்றி வளைக்காமல், முழுவதையும் சொன்னேன். மகள் கடைசியாக எப்போது உள்ளே வந்தாள் என்பதையும், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் யார் என்பதையும் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அவர் போனில் அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேனே. அது?"

"அதை யாரும் படிக்கலை சார்."

"படிக்கவே இல்லையா?"

"இல்ல சார்."

அதை மட்டும் எப்படியாவது எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பார்த்து வேறொன்றில் எழுதிக்கொள்கிறாராம், மறுபடி அந்த மாதிரி எழுத வராதாம். முடியாது என்றேன். தலையாட்டினார். யார் மேலும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை நான் வரட்டுமா சார், கையெழுத்து நான் போடுகிறேன் என்றேன். வேண்டாம்மா, உங்களுக்கெதுக்குச் சிரமம், கூட வேலை செய்கிற பையன் எவனையாவது கூட்டிக்கொள்கிறேன் என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனவர் நின்றார்.

"அந்தப் பொம்மையை நிறுத்திடாதீங்க. ஆபரேஷன் முடியற வரைக்கும் வந்துட்டுப் போகட்டும்."

நிறுத்த எங்களுக்கு வழியில்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சரி சார் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்ததும் பார்த்தேன். வாலு அப்பா விடிவதற்கு முன்பே விளையாட்டைத் திறந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் வாலு வந்து தண்ணீர் ஊற்றியிருந்தாள். பலகையில் வெள்ளிக்கிழமை விவரங்கள் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தன. சனிக்கிழமை அவர் போனுக்கு மணி போனது, எடுக்கவில்லை. திங்கட்கிழமை போன் அணைந்திருந்தது. மத்தியானம் அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். கவுன்டரில் இருந்த பெண் நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டாள். உறவு இல்லை, தெரிந்தவர் என்றேன். உறவுக்காரர்களுக்குத்தான் சொல்ல முடியும் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நானும் போனில் அதே மாதிரிதான் பேசுகிறேன். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களோடு கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு தினமும் காலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் உள்ளே வந்தாரா என்று பார்ப்பேன். மெதுவாகத் தேறிக்கொண்டிருப்பார், போனைத் தொட விட்டிருக்கமாட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதை நம்பிக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டினேன்.

ஒருநாள் சாமியார் என் மேஜைக்கு வந்தார். அவர் யாருடைய மேஜைக்கும் போகிறவர் இல்லை. கையை அசைத்துக் கூப்பிட்டார், அவர் மேஜைக்குப் போனேன். அன்றைக்குத் தானாக அனுப்பப்பட்ட பொம்மைகள் எங்கெங்கே போகின்றன என்பது திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வாலு வழக்கம்போல அப்பாவின் தோட்டத்துக்குப் போயிருந்தாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி. வாலு அப்பா, வாலுவின் தோட்டத்துக்கு.

அவர் விளையாட்டைத் திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. அதனால் எங்கள் புரோகிராம் அவரையும் அனுப்ப ஆரம்பித்துவிட்டது.

சாமியார் வாலுவின் தோட்டத்தைத் திறந்தார். சர்வர் செத்த பிறகு எல்லோருக்கும் போட்டுக்கொடுத்த அதே வெறும் புல்தரைதான், அதை யாரும் வந்து தொடவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாலு அப்பா வாசல் வழியாக உள்ளே வந்தார், கையில் குடம். அங்கே மரம் எதுவும் கிடையாது. ஊற்ற ஒன்றும் இல்லாமல் குடத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.